பள்ளியின் மறைந்தவர்களை நினைவில் வைப்பது: பதிவேட்டிலிருந்து நினைவுக் கல் வரை

பழைய மாணவர் சந்திப்பில் மதியச் சாப்பாடு முடிந்ததும் யாராவது ஒருவர் எழுந்து, "நம்மளோட படிச்சுப் போய்ச் சேர்ந்தவங்களுக்கு ஒரு நினைவுக் கல் வைக்கணும்" என்பார். கூட்டம் கைதட்டும். ஒரே வாரத்தில் கல்லுக்கு முன்பணம் போய்விடும். பெயர் தேட ஆரம்பிப்பது அதற்குப் பிறகுதான். வாட்ஸ்அப் குழுவில் ஆளுக்கு இரண்டு பெயர் போடுவார்கள். அதையே வெட்டக் கொடுப்பார்கள். கல் திறக்கும் நாளில், விடுபட்ட ஒருவனின் அம்மா கல்லுக்கு முன்னால் நின்று வரி வரியாக விரலை வைத்துத் தேடுவார். அதன் பிறகு என்ன செய்தாலும் சரியாகாது.

ஆகவே இந்த வழிகாட்டியில் கல் கடைசியில்தான் வரும். முதலில் பதிவேடு, அடுத்து சாவுச் செய்தியைக் கையாளும் முறை, குடும்பத்தின் சம்மதம், ஆண்டுக்கொரு நினைவு நாள், பணம், அப்புறம் கல். தமிழ்நாட்டின் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளையும் அவற்றின் பழைய மாணவர் சங்கங்களையும் மனத்தில் வைத்து எழுதியிருக்கிறோம்.

யார் யார் நம்மவர்

பட்டியல் தொடங்கும் முன் சங்கத்தில் ஒரு தீர்மானம் எழுதுங்கள். பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் மட்டுமா, இடையில் நின்றவர்களும் சேர்த்தியா? சேர்த்தி என்றே எழுத வேண்டும். ஏழாவதில் படிப்பை விட்டு மில்லுக்கும் பட்டறைக்கும் போனவர்கள் குரூப் போட்டோவில் இருக்க மாட்டார்கள், வாட்ஸ்அப் குழுவிலும் இருக்க மாட்டார்கள். ஆனால் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் அவர்கள் பெயர் இருக்கிறது. ஒரு வருடம் படித்திருந்தாலும் அவர் அந்தப் பள்ளியின் பிள்ளைதான்.

ஊழியர்களும் அப்படியே. ஆசிரியர்களை யாரும் மறப்பதில்லை. விடுபடுவது ஆய்வக உதவியாளர், இரவுக் காவலர், துப்புரவுப் பணியாளர், சத்துணவு அமைப்பாளர், சமையலர், மணி அடித்தவர். இவர்களில் பலரைப் பட்டப்பெயரிலோ "ஆயா", "அண்ணே" என்றோதான் தெரிந்திருக்கும். முழுப்பெயரைச் சம்பளப் பட்டியலிலும் வருகைப் பதிவேட்டிலும் தேட வேண்டும். ஆசிரியர், ஊழியர், மாணவர் என்று மூன்று பத்தியாகப் பிரிக்காமல் மறைந்த ஆண்டு வரிசையில் ஒரே பட்டியலாகப் போடுவது நல்லது. பிரித்தால், இரண்டே பெயரோடு ஊழியர் பத்தி மட்டும் கீழே ஓரமாகத் தொங்கும்.

நினைவுப் பதிவேடு

நீளமான கட்டுக்கணக்கு நோட்டு ஒன்று, கெட்டி அட்டை போட்டது, 200 பக்கம். பால்பாயின்ட் பேனாவால் எழுதுங்கள்; ஜெல் பேனா மை ஈரம் பட்டால் பரவிவிடும். இதே விவரத்தைக் கணினியில் யூனிகோடில் தட்டி, இரண்டு வேறு ஆட்களிடம் நகல் இருக்கட்டும். நோட்டு பள்ளி அலுவலகத்தில் இருக்க வேண்டும். செயலாளர் வீட்டுப் பரணுக்குப் போன நோட்டு திரும்பி வருவது அபூர்வம்.

பத்திகள் இவை: வரிசை எண், சேர்க்கை எண், பள்ளிப் பதிவில் உள்ள பெயர், பிற்காலப் பெயர், தகப்பனார் அல்லது தாயார் பெயர், ஊர், படித்த ஆண்டுகள், மறைந்த தேதி, உறுதி செய்த இருவர், குடும்பத்தில் பேசியவர், சம்மத விவரம். இறப்புக்கான காரணம் என்று ஒரு பத்தியே கூடாது. அது குடும்பத்தின் சொத்து. பதிவேட்டில் ஒருமுறை ஏறினால் ஒருநாள் யாராவது படித்துச் சொல்வார்கள்.

சேர்க்கை எண்தான் இதில் ஆணிவேர். ஒரே செட்டில் மூன்று முருகேசன் இருப்பார்கள், அதில் இரண்டு பேருக்கு ஒரே இன்ஷியல். போதாக்குறைக்கு "ச.", "செ.", "சு." மூன்றும் ஆங்கிலத்தில் "எஸ்" என்ற ஒரே எழுத்தாகிவிடும், சண்முகம் மகனா, செல்வராஜ் மகனா, சுப்பையா மகனா என்று தெரியாது. பெண்களுக்கு இன்னொரு சிக்கல்: பள்ளியில் அப்பா இன்ஷியல், திருமணத்துக்குப் பின் கணவர் இன்ஷியல். தோழிகள் தேடுவது பழைய பெயரை, பிள்ளைகள் தேடுவது புதிய பெயரை. நினைவுப் பட்டியலில் பள்ளிப் பெயரை முதலில் போட்டு, பிற்காலப் பெயரையும் அதே வரியில் சேர்ப்பதே இருவருக்கும் நியாயம்.

"எந்த செட்" என்பதிலும் கவனம். தமிழ்நாட்டில் பழைய எஸ்.எஸ்.எல்.சி. பதினோராம் வகுப்போடு முடிந்தது. மேல்நிலைப் படிப்பு 1978இல் வந்தது. அந்தக் காலத்தை ஒட்டிப் படித்தவர்களிடம் கேட்டால் ஒரே வகுப்புக்காரர்கள் இரண்டு வேறு ஆண்டைச் சொல்வார்கள். "பள்ளியை விட்ட ஆண்டு" என்று ஒரே அளவுகோல் வைத்து, சேர்க்கை-நீக்கப் பதிவேட்டில் மாற்றுச் சான்றிதழ் கொடுத்த தேதியைப் பார்த்து எழுதினால் குழப்பமில்லை.

பழைய பெயர்களைச் சேர்க்க, செட்டுக்கு இருவர் வீதம் பொறுப்பு கொடுங்கள்: ஊரிலேயே இருப்பவர் ஒருவர், வெளியூரில் இருப்பவர் ஒருவர். சேர்க்கைப் பதிவேட்டின் நகலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக "இருக்கிறார், இல்லை, தெரியவில்லை" என்று குறிக்க வேண்டும். நினைவிலிருந்து சொல்லச் சொன்னால் வகுப்பில் கலகலப்பாக இருந்தவர்கள் பெயர்தான் வரும். கடைசி பெஞ்சில் பேசாமல் உட்கார்ந்திருந்தவன் பெயர் பதிவேட்டைப் பார்த்தால்தான் வரும்.

செய்தி வந்த அன்று

வாட்ஸ்அப்பில் "நம்ம குமார் தவறிட்டானாம்" என்று ஒரு வரி விழும். பத்து நிமிடத்தில் நூறு கைகூப்பும் படங்கள். செத்தவர் வேறு குமார் என்று மாலையில் தெரியவரும். இப்படி நடக்காமலிருக்க விதி ஒன்றே: ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத இரண்டு பேரிடமிருந்து உறுதியான பிறகே குழுவில் போட வேண்டும். ஒருவர் குடும்பத்தார் அல்லது அடுத்த வீட்டுக்காரர், மற்றவர் நேரில் போன வகுப்புத் தோழர். முகநூல் பதிவைப் பார்த்துச் சொன்ன ஐந்து பேர் ஐந்து சாட்சி ஆக மாட்டார்கள்; எல்லோரும் பார்த்தது அந்த ஒரே பதிவை.

அறிவிப்பில் இருக்க வேண்டியவை: இன்ஷியலோடு பெயர், பள்ளியை விட்ட ஆண்டு, பிரிவு, ஊர், வீட்டு விலாசம், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள், எந்த இடத்தில் தகனம் அல்லது அடக்கம், தொடர்புக்கு ஒரு தோழரின் எண். துக்க வீட்டார் எண்ணைப் போடாதீர்கள். எடுக்கும் நேரம் கேட்டே நாற்பது அழைப்பு போகும். இஸ்லாமிய வீடுகளில் நல்லடக்கம் விரைவாக முடிந்துவிடும். அங்கே மாலை வாங்க நிற்காமல் முதலில் நேரத்தைக் கேட்டுப் புறப்பட வேண்டும். கண்ணீர் அஞ்சலி பேனர் அடிப்பதாக இருந்தால் படத்தை வீட்டில் ஒருவரிடம் காட்டிவிட்டு அடியுங்கள். முகநூலில் எடுத்த படம், உடன் நின்ற தம்பியின் படமாக இருந்ததுண்டு.

எந்தச் சொல்லால் சொல்வது என்பதும் முக்கியம். "இறைவனடி சேர்ந்தார்", "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்", "வஃபாத்தானார்", "இயற்கை எய்தினார்" ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் நம்பிக்கை. தனி அறிவிப்பில் அந்தக் குடும்பம் வழங்கும் சொல்லையே போடலாம். பொதுப் பட்டியலில் "மறைந்த" என்ற ஒரே சொல் எல்லோருக்கும் பொருந்தும். ஒன்பது வயதுக் குழந்தைக்கு "காலமானார்" என்று எழுதாதீர்கள். பெயரும் வகுப்பும் ஆண்டும் போதும்.

படிக்கும் மாணவர் இறந்தால்

இது தனி வேலை; சங்கத்துக்கு இதில் முதலிடம் இல்லை, வகுப்பாசிரியருக்குத்தான். அந்த வகுப்பின் பிள்ளைகளுக்கு, காலை வழிபாட்டில் ஒலிபெருக்கி சொல்வதற்கு முன், அவர்கள் அறையில் வகுப்பாசிரியர் சொல்ல வேண்டும். "தூங்கிட்டான்", "ஊருக்குப் போயிட்டான்" என்று சிறு பிள்ளைகளிடம் சொல்லக் கூடாது. தூங்கவே பயப்படும் குழந்தைகள் உண்டு. "இறந்துவிட்டான், இனி வர மாட்டான்" என்று மெதுவாக, நேராகச் சொல்லி, அழ விடுங்கள்.

அடுத்தது அந்த இருக்கை. அன்றே பெஞ்சை நகர்த்தி இடத்தை மூடிவிடுவது பிள்ளைகளைக் கலங்க வைக்கும்; வருடம் முழுக்க வெறுமையாக வைத்திருப்பதும் கூடாது. சில நாள் விட்டு, பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, வகுப்பு முழுவதற்கும் இடம் மாற்றிப் போடுவதுதான் சரியாக இருக்கும். வருகைப் பதிவேட்டில் பெயர் நீக்கும் வரை காலையில் அந்தப் பெயரைக் கூப்பிடாதபடி மாற்று ஆசிரியருக்கும் சொல்லிவைக்க வேண்டும். மிகச் சிறிய விஷயம், அடிக்கடி தவறுவது இங்கேதான். புத்தகம், நோட்டு, வரைந்த படம் எல்லாவற்றையும் சேர்த்து ஒருவர் கொண்டுபோய்ப் பெற்றோர் கையில் கொடுக்கட்டும். திருத்திய நோட்டில் இருக்கும் கையெழுத்து அவர்களுக்குப் பொக்கிஷம். கட்டண பாக்கி, நூலகப் புத்தகம் என்று கேட்டு எந்தக் கடிதமும் அந்த வீட்டுக்குப் போகக் கூடாது.

தற்கொலையாக இருந்தால் முறையை வகுப்பிலோ மேடையிலோ சொல்லாதீர்கள். காரணம் இதுதான் என்று ஒற்றைக் காரணமும் சொல்லாதீர்கள். பெரிய படம், மலர் மேடை, நீண்ட புகழுரை வேண்டாம். அதே துயரில் இருக்கும் இன்னொரு பிள்ளைக்கு அது வழிகாட்டிவிடும். பெயர் பதிவேட்டிலும் ஆண்டு நினைவு நாளிலும் மற்றவர்களைப் போலவே வரட்டும். கூட்டவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். நெருங்கிய தோழர்கள் மூன்று நான்கு பேரை ஆசிரியர் தினமும் தனியே பார்த்துப் பேச வேண்டும். மனநல உதவிக்கான டெலிமனாஸ் 14416, தமிழ்நாட்டின் மருத்துவ உதவி எண் 104, குழந்தைகளுக்கான 1098 ஆகிய எண்களை எல்லா வகுப்பிலும் எழுதி ஒட்டுங்கள்.

குடும்பத்தைக் கேட்பது

நேரில் போங்கள். பதினாறாம் நாள் காரியம் முடியும் வரை எதுவும் கேட்க வேண்டாம். பிள்ளையை இழந்த வீடானால் இன்னும் பல மாதம் காத்திருக்கலாம். மூன்று கேள்விகள்: பெயரை வாசிக்கலாமா, படம் வைக்கலாமா, பெயரை எப்படி எழுத வேண்டும். மூன்றாவதற்கு அவர்கள் கையாலேயே ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். "கார்த்திக்" என்பதா "கார்த்திகேயன்" என்பதா, "ஜெ" என்பதா "ஜெய" என்பதா என்ற சண்டை அந்தத் தாளோடு முடிந்துவிடும். படம் வைத்து மாலை போடுவதை விரும்பாத குடும்பங்கள் உண்டு. அதற்கு விளக்கம் கேட்க வேண்டியதில்லை. அந்தப் பெயர் வாசிக்கப்படும், படம் இருக்காது, அவ்வளவுதான். எல்லாருக்கும் பொதுவாக ஒரே விளக்கு அல்லது ஒரே மெழுகுவத்தி வைத்தால் வேற்றுமை கண்ணில் படாது.

படம் இல்லாதவருக்குக் குரூப் போட்டோவிலிருந்து எடுக்கலாம். அட்டையில் ஒட்டிய பழைய படத்தில் ஒரு முகம் ஏறத்தாழ 1 செ.மீ. உயரம் இருக்கும். 1200 டிபிஐயில் (அங்குலத்துக்கு 1200 புள்ளி) ஸ்கேன் செய்தால் அந்த முகத்துக்குச் சுமார் 470 புள்ளிகள் கிடைக்கும், 4 செ.மீ. அளவில் தெளிவாக அச்சடிக்கலாம், அதற்கு மேல் இழுத்தால் மங்கும். கைபேசியில் கண்ணாடியோடு படமெடுத்தால் ட்யூப்லைட் வெளிச்சம் நெற்றியில் விழும். சட்டத்தைக் கழற்றியே ஸ்கேன் செய்யுங்கள், ஆனால் கண்ணாடியில் படம் ஒட்டியிருந்தால் பிய்க்காமல் ஸ்டூடியோக்காரரிடம் கொடுங்கள். மங்கல் படத்தைக் கூர்மையாக்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைத் தொடவே வேண்டாம். அவை தெரியாத கண்ணையும் பல்லையும் தாமாக வரைகின்றன. ஊருக்கு அழகாகத் தெரியும் படம், பெற்ற தாய்க்கு வேறு யாரோ.

ஆண்டு நினைவு நாள்

வீட்டில் திதி பார்ப்பார்கள். அது ஆண்டுதோறும் நகரும். பள்ளிக்கு ஒரே நாள் வேண்டும், வேலைநாளாக இருக்க வேண்டும். ஆசிரியர் தினத்தன்றோ ஆண்டு விழாவிலோ சேர்த்தால் கொண்டாட்டத்துக்கு நடுவே இரண்டு நிமிடமாகச் சுருங்கிவிடும். பழைய மாணவர் சந்திப்புக்கு முந்தைய வெள்ளிக்கிழமை காலை வழிபாடு பல பள்ளிகளுக்கு வசதிப்படும்.

ஒரே நிகழ்வில் பலரை இழந்த இடங்களில் தேதியை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் பெற்றோர் பள்ளிக்கு முன் படங்களை வைத்து மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். அப்படிப்பட்ட நாளில் முன்னால் நிற்க வேண்டியவர்கள் பெற்றோர். சங்கமும் பள்ளியும் பின்னால். அதே ஆண்டு டிசம்பர் 26 ஆழிப்பேரலை ஞாயிற்றுக்கிழமை, அரையாண்டு விடுமுறையில் வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பள்ளிப் பிள்ளைகள் ஏராளம். அந்தத் தேதி எப்போதும் விடுமுறையில்தான் வரும் என்பதால், கடற்கரைப் பள்ளிகள் பிள்ளைகளின் பெயர்களை ஜனவரியில் பள்ளி திறக்கும் நாளில் வாசிக்கலாம்.

நிகழ்ச்சி மொத்தம் 15 நிமிடம். நிழலில் நடத்துங்கள், வெயிலில் நின்று பிள்ளைகள் மயங்கி விழுந்தால் அன்றைக்கு அதுதான் பேச்சாக இருக்கும். பெயரும் ஆண்டும் வாசிக்க ஒருவருக்கு நான்கு வினாடி. 90 பெயருக்கு ஆறு நிமிடம். அதைவிட அதிகமிருந்தால் பத்தாண்டுத் தொகுதியாகப் பிரித்து நான்கைந்து பேர் வாசிக்கலாம். வாசிப்பவர்களில் ஒருவர் இப்போது படிக்கும் ஒன்பதாம் வகுப்பு மாணவராகவோ மாணவியாகவோ இருக்கட்டும். முந்தின நாள் சத்தமாக இரண்டு முறை பழக வேண்டும், குறிப்பாக ழ, ற, ண வரும் பெயர்களையும், உருது, இலத்தீன் வேருள்ள பெயர்களையும். "திரு", "திருமதி", பட்டம், பதவி எதுவும் வேண்டாம். கலெக்டராக ஓய்வு பெற்றவரும் எட்டாவதில் இறந்தவனும் அங்கே பள்ளிப் பெயரோடு மட்டும் இருக்கட்டும்.

மௌனத்துக்கு ஒரு நிமிடம் போதும். இரண்டு நிமிடம் சொன்னால் ஆறாம் வகுப்பு வரிசை நெளிய ஆரம்பித்துவிடும். "மௌன அஞ்சலி முடிந்தது" என்று ஒலிபெருக்கியில் சொல்வதைவிடப் பள்ளி மணியைத் தொடக்கத்தில் ஒரு அடி, முடிவில் ஒரு அடி அடிப்பது நல்லது. அந்த மணிச் சத்தத்தைக் கேட்டுத்தான் அவர்கள் அனைவரும் ஓடி வந்தார்கள். சிறப்பு விருந்தினர், பொன்னாடை, நன்றியுரை இந்த நாளில் வேண்டாம்.

பணம், பரிசு, மரம்

நினைவுப் பரிசு வைக்கக் குடும்பங்கள் முன்வருவார்கள். நாற்பது ஆண்டுக்கு முன் பத்தாயிரம் ரூபாய் வைப்பு பெரிய தொகை. இன்று 7% வட்டி என்றால் வருடத்துக்கு 700 ரூபாய். ஒரு நல்ல அகராதி வாங்கவே யோசிக்க வேண்டும். ஆகவே தனித்தனி வைப்புகளுக்குப் பதில் ஒரே பொது நிதியாகச் சேர்த்து, வட்டியில் கால் பங்கை அசலோடு சேர்க்க விதி எழுதுங்கள். எந்தப் பரிசு யார் பெயரில் என்பது சான்றிதழில் வரும்.

வைப்புக் கணக்கு தலைமையாசிரியர் பெயரில் தொடங்கி, அவர் மாறுதலாகிப் போய், ரசீது பீரோவில் கிடந்து மறக்கப்படுவது சாதாரணமாக நடக்கிறது. பத்தாண்டு யாரும் கேட்காத வைப்பை வங்கி, ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் நிதிக்கு மாற்றிவிடும். பணம் போய்விடாது, வங்கியில் ஆவணம் கொடுத்துத் திரும்பக் கேட்கலாம். ரிசர்வ் வங்கியின் உத்கம் இணையதளத்தில் பள்ளியின் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள். புதிய கணக்கைப் பதவியின் பெயரில் திறந்து, சங்கப் பொருளாளரையும் கூட்டுக் கையொப்பத்தில் சேருங்கள்.

80ஜி வருமான வரிச் சலுகை உள்ள அறக்கட்டளையானாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கொடுத்தவருக்குச் சலுகை இல்லை. வங்கி வழியாக வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து வருவதில் கவனம் தேவை. இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர் தன் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர், கனடா குடியுரிமை பெற்ற பழைய மாணவர் அனுப்பினால், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கானது) இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்சிஆர்ஏ என்னும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவில்லாத சங்கம் அதை வாங்கக் கூடாது. அரசுப் பள்ளிக்குப் பொருளாகச் செய்ய விரும்புவோர் தமிழக அரசின் "நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி" திட்டத்தின் வழியே செய்யலாம்.

மரம் நடுவதைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஒரு பெயருக்கு ஒரு கன்று என்று நட்டு, பெயர்ப்பலகையும் வைத்து, மே மாத விடுமுறையில் கன்று காய்ந்துபோனால் அந்தக் குடும்பம் இரண்டாம் முறை இழக்கிறது. பத்துப் பதினைந்து கன்றை ஒரே தோப்பாக நட்டு, தோப்புக்குப் பொதுவாக ஒரு பலகை வையுங்கள். புங்கன், வேம்பு, பூவரசு, நாவல், மகிழம் தாங்கும். இரண்டடிக்கு இரண்டடி, இரண்டடி ஆழக் குழி. பள்ளி திறக்கும் ஜூன் வெயிலில் நடாமல் புரட்டாசி ஐப்பசியில், வடகிழக்கு மழையை ஒட்டி நடுங்கள். ஆடு எட்டாத கூண்டும், முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றச் சம்பளத்துக்கு ஓர் ஆளும் இல்லையென்றால் நட வேண்டாம்.

கடைசியாகக் கல்

நம் பழைய நடுகற்களைப் பாருங்கள். யார், யார் மகன், எந்த ஊர், என்ன செய்து இறந்தான் என்று சில வரிகளில் சொல்லி நிற்கும். வைத்தவர் பெயர் பெரிய எழுத்தில் இருப்பதில்லை. நன்கொடையாளர், திறந்துவைத்தவர் பெயர்களுக்கு வேறு பலகை வையுங்கள். அரசுப் பள்ளியானால் பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானமும் தலைமையாசிரியரின் அனுமதியும் எழுத்தில் வாங்கி, கல்வி அலுவலருக்கும் தெரிவித்துவிட்டுத் தொடங்குங்கள்.

கறுப்பு கிரானைட், 4 அடி உயரம், 3 அடி அகலம், 20 மி.மீ. தடிமன். எடை 60 கிலோவுக்கு மேல் வரும். சிமென்ட் மட்டும் போட்டு ஒட்டினால் மழைக்காலத்தில் பிடி விடும், துருப்பிடிக்காத எஃகுப் பிடிப்பான் நான்கு மூலையிலும் வேண்டும். மேற்குப் பார்த்த சுவரில் வெயில் எழுத்துச் சாயத்தைத் தின்றுவிடும். தாழ்வாரத்துக்குள், கண் மட்டத்தில், பிள்ளைகள் நடக்கும் வழியில் வையுங்கள். பெயர் எழுத்தின் உயரம் 20 மி.மீ.க்குக் குறையக் கூடாது; அதைவிடச் சிறிதானால் ஒற்றுப்புள்ளி சாயத்தில் அடைபட்டுப்போய் "கண்ணன்" "கணணன" ஆகிவிடும். வரிக்கு வரி 40 மி.மீ. விட்டால் இந்த அளவுக் கல்லில் இரண்டு பத்தியாக 44 பெயர் வரை பிடிக்கும். 30 பெயரோடு நிறுத்தி மீதியைக் காலியாக விடுங்கள்.

எழுத்துப்பிழை வருவது பெரும்பாலும் கல் வெட்டுபவரிடம் அல்ல. நீங்கள் யூனிகோடில் அனுப்பியதைக் கடையில் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும், "ஸ்ரீ" சிதறும், "ஔ" உடையும். பெயர்களைப் பிடிஎஃப் கோப்பாகவும் தாளில் அச்சிட்டும் கொடுங்கள். எழுத்தை வெட்ட மணலைப் பீய்ச்சும் முன் கல்லில் ஒட்டும் ஸ்டிக்கரை நேரில் போய்ப் பாருங்கள். ஒருவர் குடும்பம் எழுதிக்கொடுத்த தாளைப் பார்த்து எழுத்தெழுத்தாகச் சொல்ல, மற்றவர் ஸ்டிக்கரில் விரல் வைத்துச் சரிபார்க்க வேண்டும். பிறகு கடைசிப் பெயரிலிருந்து தலைகீழாக இன்னொரு முறை. ஸ்டிக்கர் நிலையில் திருத்தச் சில நூறு ரூபாய், வெட்டிய பின் புதுக் கல்.

கல்லைத் துடைக்கத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். ஆசிட் ஊற்றினால் எழுத்துச் சாயம் போய்விடும். விளக்கைக் கல்லின் அடியில் ஏற்றாமல் இரண்டடி தள்ளி வையுங்கள். எண்ணெய்க் கறை கிரானைட்டில் இறங்கினால் எடுப்பது கடினம். மாலைக்குக் கொக்கி முதலிலேயே சுவரில் அடித்துவிடுங்கள், பிறகு ஆணி அடிக்க வந்து கல்லின் ஓரத்தை உடைப்பார்கள். எழுத்துரு, அளவு, கடைக்காரரின் எண், சாயத்தின் பெயர் எல்லாவற்றையும் நினைவுப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். அடுத்த பெயர் சேர்க்க வருபவர் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் திறப்பார்.